மகசூல் நைனாவும் என் இறால் தொட்டிகளும்

கல்விக்கு நன்கொடை கொடுத்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தந்தவர்கள், தங்கப் பதக்கம் நிறுவியவர்கள், உயிரோடு இருக்கும்போதே வாசலில் தங்கள் சிலையை வைத்துக்கொண்டவர்கள் என்று பல ரகம். ஆனால் உதவித்தொகை வாங்கிய மாணவனின் ஹாஸ்டலுக்கே ரயிலேறிப் போய், "களை எடுத்தியா?" என்று கேட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். பொன்னேரிக்குப் பக்கத்தில் பிறந்தார்.

அவருடைய முழுப் பெயர் இனிஷியலோடு ரைஸ் மில் வாசல் பலகையில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் நைனா. அவர் பணத்தில் படித்த எங்களுக்கு மகசூல் நைனா.

போன வாரம் ஓர் ஆராய்ச்சி நிதிக் குழுவில் நானும் ஓர் உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண் ஒருத்தி நடுங்கிக்கொண்டே தன் திட்டத்தை விளக்கினாள். எதிரே இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இதனால் விளையும் பயன் என்ன?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தேன். இதே கேள்வியை நைனா எவ்வளவு அழகாகக் கேட்பார்!

"இன்னா வெதைக்கிற? எத்தினி மாசப் பயிரு? மகசூல் இன்னா வரும்?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நைனாவுக்கு நல்ல நெல் நிலம் இருந்தது. எழுபதுகளில் அங்கே தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலத்தை எடுத்துக்கொண்டு பணத்தைக் கையில் கொடுத்தார்கள். மிஞ்சியது மில் மட்டும். வேறு யாராவது என்றால் அந்தப் பணத்தில் சென்னையில் மாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். நைனாவுக்கோ தூக்கம் போய்விட்டது. ஆடி பிறந்தால் அவருக்குக் கை அரிக்கும். விதைக்க நிலம் இல்லை.

"நெலம் பூட்ச்சி, டப்பு கீது. டப்ப வெதைச்சா மொளைக்குமா?" என்று போவோர் வருவோரையெல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறார். உள்ளூர் ஹெட்மாஸ்டர் வாய் சும்மா இருக்காமல், "படிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுங்க நைனா, நல்லா மொளைக்கும்" என்று சொல்லிவைத்தார். அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். நைனா அதை வேளாண்மை அதிகாரி சொன்ன யோசனையாக எடுத்துக்கொண்டார்.

அறக்கட்டளை ஆரம்பமானது. பல்கலைக்கழகப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும்தான் உதவி. பணம் மாதாமாதம் வராது. ஆடியில் விதைப்புக்கு, ஐப்பசியில் களையெடுப்புக்கு, தையில் அறுப்புக்கு. கல்லூரிக் கட்டணத் தேதிகளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. "ஆடிப் பட்டத்துக்கு வுட்டா, எந்தப் பயிரும் ஊண்டிக்கும் சார்" என்று கல்லூரி அலுவலகத்திலேயே நின்று விளக்கம் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த தலைமை எழுத்தர் அன்று மதியம் தலைவலி என்று லீவு போட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி.

படிப்புகளை அவர் பயிர் வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். பி.ஏ. கீரை. சட்டம் கரும்பு. டாக்டர் படிப்பு தென்னை, காய்க்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படிக்க உதவி கேட்டு ஒரு பையன் வந்தான். வழக்கமான கேள்விதான். "இதுல மகசூல் இன்னா வரும்?" பையன் பயந்துபோய், "மனசுக்கு நிறைவா இருக்கும்னு நெனைக்கிறேன் நைனா" என்றான். நைனா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ பூச்செடி. ஊட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லி அவனையும் சேர்த்துக்கொண்டார்.

பரீட்சையில் தேறாமல் வந்தவர்களை அவர் திட்டியதே இல்லை. "மழை இல்ல, பயிரு இன்னா பண்ணும்?" என்று அடுத்த வருஷத்துக்கும் கொடுத்துவிடுவார். பரீட்சைக்கு முன்னால் ஹாஸ்டலுக்குக் கோணிப்பையில் கடலை உருண்டை வரும். அதற்குப் பெயர் மேலுரம். ஒருமுறை மேலுரத்தோடு தானே போனவர், தம் மாணவன் அறையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்துவிட்டார். நேராக வார்டனிடம் போய், "சார், மாடியில ஒரு களை கீது. புடுங்கிடுங்க" என்றார். அந்தக் களை வார்டனின் அக்காள் மகன்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் அப்பாவுக்கு வேப்பம்பட்டில் நெல் விவசாயம். நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டார். ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று நான் அழுத அழுகையில் ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தார். அதற்குள் பல்கலைக்கழகம் என் வேலையைப் பார்த்து பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார். எங்கள் பேராசிரியரோ, "விஷயம் நல்ல விஷயம்தான். தொட்டிக்கும் தீவனத்துக்கும் நீயே வழி பார்த்துக்கொள்" என்று கையை விரித்துவிட்டார்.

நைனா மில் களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இன்னா வெதைக்கிற?" என்றார்.

"இறால், நைனா."

சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "நெஜ இறாலா?"

"நெஜ இறால்தான். பழவேற்காட்டு ஏரியில பொடி இறாலாப் புடிச்சி, தொட்டியில வுட்டு வளக்கணும். ஒவ்வொரு தொட்டியிலயும் உப்பு வேற வேற அளவு. தீனி, உங்க மில்லுத் தவுடு. எந்தத் தொட்டியில நல்லா வளருதுன்னு பாக்கணும்."

"எத்தினி மாசம்?"

"நாலஞ்சு மாசம் ஆவும்."

"நம்ம நெல்லு மாதிரியே கீதே!" என்றார் நைனா. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதுவரை வந்தவர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பயிர்களையே விதைத்துக்கொண்டிருந்தார்கள். நிலம் போனபிறகு நிஜமாக வளர்கிற ஒன்றை யாரோ அன்றுதான் அவர் களத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

மில்லுக்குப் பின்னால் நெல் ஊறப்போடும் பழைய சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாகச் சும்மா கிடந்தன. அவை என் ஆராய்ச்சிக்கூடம் ஆயின. ஏரித் தண்ணீர் மில் லாரியில் பீப்பாய் பீப்பாயாக வந்தது. நான் தங்குவதற்கு நைனா வீட்டு மாடியில் ஓர் அறை. நைனாவின் சம்சாரத்தை நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். அவர் கையால் காலையில் சுடச்சுட நாஷ்டா. இவ்வளவு சுகமாக ஆராய்ச்சி செய்தவர்கள் குறைவு.

நைனா முதல் நாளே தொட்டிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வேப்பிலை செருகிவிட்டார். அதன்பிறகு விடிந்ததும் தொட்டி மேட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். வாரம் ஒருமுறை நான் இறாலை எடுத்து ஸ்கேலில் வைத்து அளப்பேன்.

"சட்டை தைக்கவா அளவு எடுத்துக்கினு கீற?"

"வளர்ச்சி தெரியணுமே நைனா."

"கண்ணால பாத்தா தெர்ல? பளபளன்னு கீது. இத்தப் போயி அளந்துக்கினு!"

சென்னையிலிருந்து வந்த அரிசி வியாபாரி ஒருவர் அரிசியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன நைனா, கடல் வாசனை அடிக்குது?" என்றார். "அது ஆராய்ச்சி வாசன. அதுக்குத் தனியா வெல இல்ல" என்று நைனா பதில் சொன்னார்.

மாதங்கள் ஓடின. இறால்கள் நான் ஆசைப்பட்டதற்கும் மேலே வளர்ந்தன. கடைசி அளவெடுப்பை எங்கள் பேராசிரியரும் இன்னும் இருவரும் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்துத் திருப்தியானால் பதிவு. அப்பா கொடுத்த வருஷமும் முடிகிற சமயம். நான் நைனாவிடம் சொன்னேன்: "யுனிவர்சிட்டியிலேர்ந்து பெரியவங்க வராங்க. இறாலப் பாக்கணுமாம்."

"வரட்டும், வரட்டும். ஜமாய்ச்சிடலாம்" என்றார் நைனா.

இங்கேதான் நான் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் அறுப்பு வந்ததும் புது அரிசியைப் பொங்கி எல்லையம்மனுக்குப் படைத்துவிட்டு, பயிரைப் பார்க்க வந்தவர்களுக்கு இலை போட வேண்டும். பார்க்க வந்தவரை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பினால் அடுத்த போகம் விளங்காது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் செய்வார். எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஆராய்ச்சிக்கும் அது செல்லும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலை நான் பெரியவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதம். வந்து சேரும்போது உச்சி வேளை. நேரே தொட்டிப் பக்கம் திரும்பினேன். நைனா மறித்தார்.

"மொதல்ல சாப்டுங்க சார். பயிரு எங்கியும் ஓடிடாது."

இலை போட்டார்கள். இறால் குழம்பு, இறால் வறுவல், இறால் போட்ட முருங்கைக்காய் என்று பெரியம்மா அன்று வெளுத்து வாங்கியிருந்தார். பசியில் எல்லோரும் ஒரு பிடி பிடித்தோம். மூவரில் ஒருவர் மட்டும் சைவம். ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பேராசிரியர் ஓர் இறாலைத் தூக்கிப் பிடித்து, "இவ்வளவு பெரிசா! எங்கே பிடித்தது ஐயா?" என்று கேட்டார்.

நைனா மார்பை நிமிர்த்திக்கொண்டார். "எங்கியும் புடிக்கல சார். எல்லாம் நம்ம பொண்ணு வெளைச்சது. ஒவ்வொரு தொட்டியிலயும் பெர்சு பெர்சா பாத்து நானே எடுத்துக் குட்தேன். அம்மனுக்கும் படைச்சாச்சி."

என் ஆராய்ச்சியை நானே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அந்தப் பந்தியில் என் பிஎச்.டி.க்குத் தீங்கு செய்யாத ஒரே மனிதர் அந்தச் சைவக்காரர்.

பேராசிரியர் கையில் இருந்த இறாலை மெதுவாக இலையில் வைத்தார். நான் எழுந்து தொட்டிகளுக்கு ஓடினேன். பெரியவை ஒன்றுகூட இல்லை. பொடியும் நோஞ்சானும் மட்டும் ஓரத்தில் நீந்திக்கொண்டிருந்தன. எந்தத் தொட்டியில் எப்படி வளர்ந்தது என்று இனி யாருக்கும் காட்ட முடியாது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாத்துக்குக் கண்ணு அழுவுற? ருசி நல்லாத்தான கீது? அவங்க ஒண்ணும் கொற சொல்லலியே?"

பேராசிரியர் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு நிதானமாக விளக்கினார். இது சாப்பிடுவதற்காக வளர்த்தது இல்லை. கடைசி அளவை எடுக்கும் வரை ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. அதை வைத்துத்தான் அடுத்த வேலை எல்லாம். நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"அப்போ இது வெதை நெல்லா சார்?"

"அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்."

நைனா தொட்டி மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு விவசாயிக்கு இதைவிடக் கேவலம் வேறு கிடையாது. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் கை வைக்கக்கூடாத நெல் அது. "வெதை நெல்ல ஆக்கிப் போட்டுட்டேனே... அத்த நானே பரிமாறிட்டேனே..." என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் அழுகை நின்றுவிட்டது. அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

பெரியவர்கள் கிளம்பத் தயாரானார்கள். நைனா எழுந்து வழியை மறித்துக் கைகூப்பினார்.

"சார், நட்ட பயிரு வெள்ளத்துல பூட்ச்சின்னா, மறு நாத்து வுட்டு நடறது இல்லியா? தப்பு என்னுது. பயிரு மேல ஒண்ணும் இல்ல. அது நல்லாத்தான் வெளைஞ்சிது, நீங்களே துண்ணீங்க. இன்னும் ஒரு போகம் குடுங்க சார்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். சைவக்காரர் முதல் ஆளாக, "கொடுக்கலாமே" என்றார். மற்ற இருவராலும் மறுக்க முடியவில்லை, சாப்பிட்டிருந்தார்கள் அல்லவா?

பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டாலும் அப்பா ஒப்புக்கொள்ள வேண்டுமே! நைனா என்னையும் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு வந்தார். அப்பா களத்து மேட்டிலேயே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"பேஜாராப் பூட்ச்சி நைனா. மாப்ள ஊட்ல கேட்டுக்கினே கீறாங்க. பொண்ண எத்தினி நாளைக்கு வெச்சிக்கினு இருக்கறது? நெலத்துலயே வுட்டா முத்திப்பூடாதா?"

"வெதைக்கு முத்தினதுதான்யா வோணும்" என்றார் நைனா.

நெல் விவசாயியை நெல்லைக் காட்டித்தான் மடக்க முடியும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்ள ஊட்டுக்கு இன்னான்னு பதில் சொல்றது?" என்றார்.

"இந்தப் போகம் சாஞ்சிடிச்சி, அடுத்தது வரிக்கும் குந்துங்கன்னு சொல்லு."

மாப்பிள்ளை குந்தவில்லை. வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். நல்ல மனிதர், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரண்டாம் போகத்தில் நைனா படுத்திய பாடு இருக்கிறதே! தொட்டிகளைச் சுற்றி முள்வேலி போட்டார். தம்முடைய பழைய சட்டையை மாட்டி ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நிறுத்தினார். வேலிக் கதவுக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அளவெடுக்க நானே கெஞ்ச வேண்டும்.

"போன வாரம்தான அளந்த? அதுக்குள்ள இன்னா வளந்துடும்?"

"அதத்தான் நைனா பாக்கணும்."

"சீக்கிரம் பாத்துட்டு வுட்டுடு. அதுவும் உசுருதான?"

பிரசவத்துக்கு வந்திருந்த அவருடைய சொந்த மகள், வாய்க்கு ருசியாக இருக்கும் என்று தொட்டியிலிருந்து நாலு இறால் கேட்டாள். "வெதைல கை வெக்காத!" என்று நைனா போட்ட சத்தத்தில் மில்லே ஒரு நிமிஷம் நின்றதுபோல் இருந்தது. மகள் கோபித்துக்கொண்டாள். நைனாவே சந்தைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தார். ஆனால் அவர் இலையில் மட்டும் இறால் விழவில்லை. நான் கவனித்துப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அன்னிலேர்ந்து தொடறதில்ல கண்ணு. கருவாட்டுக் கொழம்புல தப்பித் தவறி ஒரு பொடி இறால் வந்தாலும் எடுத்து வெச்சிடறாரு. இறால் இல்லாம ஒரு வா சோறு எறங்காது இந்த மனுசனுக்கு. நீ டாக்டர் ஆவற வரிக்கும்னு அம்மன் முன்னால சொல்லிட்டு வந்துட்டாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

அதைக் கேட்ட பிறகு நான் ஒரு நாள்கூடச் சோம்பியதில்லை. பிஎச்.டி. என்ன, வானத்தையே வில்லாக வளைத்திருப்பேன்.

அந்தப் போகம் நன்றாக வந்தது. பதிவு கிடைத்தது. பிறகு சில வருஷங்கள் கழித்துப் பட்டமும் கிடைத்தது. பைண்டு செய்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்குத்தான் போனேன்.

நைனாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை. "மகசூல் இன்னா?"

ஆய்வேட்டை அவர் இரண்டு கையிலும் வைத்தேன். தூக்கிப் பார்த்தார். "நல்ல கனமா கீது" என்றார். ஒரு பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை. அப்படியே எல்லையம்மன் கோயிலுக்கு எடுத்துப் போய், புது அரிசியை வைக்கிற இடத்தில் வைத்துக் கும்பிட்டார்.

அன்று மதியம் பெரியம்மாவை நகரச் சொல்லிவிட்டு நான் சமைத்தேன். பழவேற்காட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய இறால். நைனா இலையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது எந்தத் தொட்டிது?"

"எந்தத் தொட்டிதும் இல்ல நைனா. கடையில வாங்கினது."

"அளவு கிளவு எல்லாம் எடுத்துட்டியா?"

"எல்லாம் முடிஞ்சிடிச்சி. நான் டாக்டர் ஆயிட்டேன். நீங்க சாப்டுங்க."

முதல் இறாலை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். திறக்கும்போது கண் நனைந்திருந்தது. காரம் அதிகம் என்று என்மேல் பழி போட்டார். பிறகு ஆசையாகச் சாப்பிட்டார். நடுவில், இருந்ததிலேயே பெரிய இறாலாகப் பார்த்து எடுத்து இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்.

"இன்னா நைனா, அது நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. அது வெதைக்கு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லா சொன்ன போ. வெந்த இறால் மொளைக்குமா?"

நைனா வாயில் சோற்றோடு என் பக்கமாக முகத்தைத் திருப்பிக் காட்டினார். "அன்னிக்கும் வெந்துதான பூட்ச்சி? மொளைக்கலியா?"

நைனா போய் எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. ஆடி பிறக்கும்போது அவர் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரக் கூட்டத்தில் பெரியவர் கேட்ட கேள்விக்கு, காட்டுவதற்கு ஒரு முடிவும் கையில் இல்லை என்று அந்தச் சின்னப் பெண் ஒப்புக்கொண்டாள். முதல் முயற்சியில் அவளுடைய சோதனை முழுக்கப் பாழாகிவிட்டதாம். தலை குனிந்து நின்றாள். "இன்னொரு போகம் கொடுக்கலாம்" என்று நான் சொன்னேன். குழுவில் யாருக்கும் அந்த வார்த்தை புரியவில்லை. விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மதியச் சாப்பாட்டில் இறால் தொக்கு வைத்திருந்தார்கள். பெரியதாக ஒன்றைப் பார்த்து இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, மற்றதைச் சாப்பிட்டேன்.